லண்டன் விதையும் கழுதைமுள்ளியும்

வெளிநாட்டுப் பார்சலைக் குறை சொன்னவர் வெள்ளவத்தையில் ஒருவரும் இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று பழமொழி சொல்கிறது. நாங்கள் ஒரு படி மேலே போய், மாட்டோடு நின்று படமும் எடுத்து அனுப்புகிறவர்கள். எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்காரர், மகள் அனுப்பிய கம்பளிச் சட்டையைச் சித்திரை வெயிலில் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, "அளவெண்டால் அளவு, பிள்ளை" என்று போனில் சொல்லிவிட்டு, அப்படியே கதிரையில் சாய்ந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தவள் நான். கண் திறந்ததும் அவர் கேட்டது, படம் தெளிவாக வந்ததா என்றுதான்.

நானும் விதிவிலக்கில்லை. அக்கா லண்டனிலிருந்து அனுப்பிய பொருள் ஒன்றையேனும் நான் பழுதென்று சொன்னதில்லை. வெள்ளை பூத்த சொக்கலேட்டை ருசி என்றேன். இரண்டு அளவு சிறிய சப்பாத்தைப் போட்டு, ஒரு நிமிடம் நின்று, படமெடுத்துவிட்டுக் கழற்றினேன். கால் பிடித்துவிடும் மெசின் ஒன்று வந்தது. அதை மாட்டியதும் தொடர்மாடி முழுவதும் கரண்ட் போனது. "சொல்லி வேலையில்லை, அக்கா" என்றேன். அதில் பொய் ஏதும் இல்லை.

அக்கா எனக்கு நாலு வயது மூத்தவள். கலியாணம் கட்டி லண்டன் போய் முப்பத்தைந்து வருடம் இருக்கும். அத்தான் காலமாகிவிட்டார். ஒரே மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். நான் கலியாணம் கட்டவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவள். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், தரைத்தளத்துப் பின்பக்க வீட்டில், தனியாக இருக்கிறேன். தனிமை எனக்குப் பழகிப்போய்விட்டது என்று சொல்லித் திரிந்தேன். கந்தோர் இருந்தவரை அது உண்மைதான். பென்சன் எடுத்த அடுத்த திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு, சேலை கட்டி முடித்த பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அழுதேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ அழைப்பில் அக்காவிடம் ஒரே பாட்டுத்தான். இஞ்ச வாங்கோ, என்னோட இருங்கோ. அவள் மகனும் சேர்ந்து பாடுவான். "சித்தி சொல்லுறது சரி அம்மா. கொழும்புச் சூடு உங்கட முழங்காலுக்கு நல்லது." முழங்காலுக்கு நல்லதோ இல்லையோ, அவனுடைய மூன்றாவது பிள்ளைக்கு ஓர் அறை தேவைப்பட்டிருந்தது. நான் அவனைக் குறை சொல்லவில்லை. எனக்கு அக்கா வேண்டும், அவனுக்கு அறை வேண்டும். இருவரும் நல்ல கூட்டாளிகள்.

அக்கா ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல் கிடையாது. வந்த சம்பந்தம் பிடிக்காவிட்டால் சாதகம் பொருந்தவில்லை என்போம். கடன் கேட்டு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, எங்கள் கஷ்டத்தை அவரிடம் சொல்லி, அவர் எங்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகும்படி செய்வோம். நேரே நின்று ஏலாது என்று சொல்வது மரியாதைக்கேடு. அப்படிச் சொல்லத் தெரிந்த ஒரு பெரியப்பா இருந்தார். அவருடைய செத்தவீட்டுக்குக்கூட ஆட்கள் குறைவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தானாகவே கதையை எடுத்தாள்.

"நான் ஒரு விதை அனுப்புறன். என்ர தோட்டத்துச் செடி. எருவும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். மணலும் உப்புக்காத்தும் இருந்தால் காணும். அது உன்ர இடத்தில பிடிச்சுப் பூத்துதெண்டால் நானும் வாறன். செடி இருக்கிற இடத்தில நானும் இருப்பன்."

பின்னால் நின்ற மகன் கை தட்டினான். "பேச்சு மாறக்கூடாது அம்மா. சித்தி, நீங்கள் சாட்சி." எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தைந்து வருடத்தில் அக்கா எனக்குத் தந்த முதல் வாக்கு அது.

அந்தச் செடியை நான் அதற்கு முன்பே போனில் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் நகரசபை கொடுத்த துண்டுக் காணியில் அக்கா தோட்டம் செய்கிறாள். அதன் காய்ந்த மூலையில், யாரும் தண்ணீர் விடாத இடத்தில், அது நின்றது. இலையெல்லாம் முள். பூவைச் சுற்றியும் முள். பூ மட்டும் நீலம். வெள்ளிப் பாத்திரத்தில் நீலச் சாயம் ஊற்றியதுபோல ஒரு நீலம். ஆங்கிலத்தில் சீ ஹொலி என்பார்களாம். பல வருடம் நிற்கும், வேர் நேரே கீழே போகும், பிடுங்கி நட்டால் கோபித்துக்கொண்டு செத்துவிடும் என்று அக்கா சொன்னாள். கேட்கும்போது எங்கள் அம்மாவின் குணம் நினைவுக்கு வந்தது.

என்னிடம் தோட்டம் இருந்ததா என்று கேட்டால், சட்டப்படி இருந்தது. கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டரை அடி அகலத்தில் ஒரு மணல் ஓடை. மேல்மாடி பல்கனிகள் குடைபோல மூடியிருப்பதால் நேர் மழை விழாது. கட்டடம் கட்டியவர்கள் விட்டுப்போன செங்கல் துண்டும் சீமெந்துக் கட்டியும் மண்ணில் பாதி. மிச்சம் கடற்கரை மணல். கடல் காற்று இரும்பு ஆணியையே ஆறு மாதத்தில் தின்றுவிடும். நான் வைத்த செவ்வரத்தைச் செடி அங்கே பதினெட்டு நாள் இருந்தது. அக்கா கேட்ட வறண்ட தோட்டம் அதைவிட வேறெங்கே இருக்கும்.

விதைகள் முகம் துடைக்கும் ரிசுப் பேப்பரில் சுற்றி, கடித உறைக்குள் வந்தன. கூடவே அக்காவின் கையெழுத்தில் ஒரு பக்கக் கட்டளை. நான் கந்தோரில் சுங்கப் பத்திரங்கள் நிரப்பியவள். கட்டளை என்றால் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுவேன். இரண்டு அடி ஆழம் கிண்டினேன். செங்கல் பொறுக்கினேன். மா அரிக்கும் அரிதட்டால் மணலை அரித்தேன். மேலே சிறு கற்கள் பரப்பினேன். விதைத்தேன். தண்ணீர் விடவில்லை.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. ஆறு வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஐப்பசி மழை பிடித்தது. காற்று அடித்த அடியில் மழை பக்கவாட்டாக வந்து மணலில் விழுந்தது. தண்ணீர் ஆகாத செடியாயிற்றே என்று குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் நனைந்துகொண்டு, வெறும் மணலுக்குக் குடை பிடித்தபடி நின்றேன். செக்கியூரிட்டிக்காரர் ஜன்னலோரமாக வந்து எட்டிப் பார்த்தார். நல்ல சிங்கள மனுசன். "மல் கோ மிஸ்?" என்று கேட்டார். பூ எங்கே என்கிறார். "எனவா, எனவா" என்றேன். வருகிறது, வருகிறது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு ஏதாவது பாரம் தூக்க வேண்டியிருந்தால் கேட்காமலே வந்து தூக்கிவிட்டார். மூளை பிசகியவர்களிடம் அந்தக் கனிவு எல்லோருக்கும் வரும்.

அந்த ஞாயிறு மகன் கேட்டான். "சித்தி, முளைச்சுதோ?"

"ஓம். முளைச்சிட்டுது."

நான் யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. பழக்கதோஷம். லண்டனிலிருந்து வந்த பொருள், அது நல்லாயிருக்கு. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருத்தியிருக்கலாம். ஆனால் முளைக்கவில்லை என்றால் அக்கா வரமாட்டாள். அந்தக் கணக்கும் அரை நொடியில் என் மனதில் ஓடியது என்பதை மறைக்க மாட்டேன். "அப்ப வளரட்டும், படம் அனுப்புங்கோ" என்றான் மகன். அக்கா கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

இப்படியான இக்கட்டுக்கு நான் கூப்பிடும் ஆள் ஒருத்திதான். முப்பது வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவள். கொட்டாஞ்சேனைக்காரி, வேதக்காரி என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவள். செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகிறவள். அவளிடம் முழுக் கதையும் சொன்னேன்.

"இவ்வளவுதானா? முள்ளு இலை, நீலப் பூ. எங்க பக்கம் ஆத்து வாயில சும்மா கெடக்கே. கழுதைமுள்ளி. யாரும் ஏன் எண்டும் கேக்கிறதில்ல."

"அது லண்டன் செடி இல்லையே."

"இலையில முள்ளு இருக்கா? இருக்கு. பூ நீலமா? நீலம். போன்ல பாக்கிறதுக்கு வேற என்ன வேணும்?"

"பொய்யெல்லோ?"

"லண்டன் செடி எண்டு நீ சொல்லாத. செடி எண்டு சொல்லு. அவங்களா நெனைச்சா அதுக்கு நீ என்ன செய்வ?" கந்தோரில் சுங்க அதிகாரிகளோடு கதைக்க எங்கள் மனேஜர் எப்போதும் அவளைத்தான் அனுப்புவார். ஏன் என்று இப்போது விளங்கியது.

இரண்டு நாள் கழித்து, களனி ஆறு கடலில் சேரும் இடத்துச் சேற்றோடு பிடுங்கிய கழுதைமுள்ளியை வாளியில் வைத்து, பஸ்ஸில் வந்து இறங்கினாள். அந்த நாற்றத்துக்கு பஸ்ஸில் தனக்கு முழு சீட்டும் கிடைத்ததென்று சந்தோசப்பட்டாள். இலையைப் பார்த்தேன். பளபளவென்ற கரும்பச்சை. ஓரமெல்லாம் முள். அக்காவின் செடி சாம்பல் பூத்த நிறம். கொஞ்சம் வெள்ளைத் தூள் தடவினால் சரிவரும் என்று கொட்டாஞ்சேனைக்காரி சொன்னாள். முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவினேன். சரிவந்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அக்காவின் செடி தண்ணீர் கண்டால் சாகும். கழுதைமுள்ளியோ உப்புத் தண்ணீரில் பிறந்து சேற்றில் வளர்ந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு பகலும் தாங்காது. ஆகவே, அரித்துப் பரப்பிய மணலைத் திரும்பவும் கிண்டி, பெரிய பிளாஸ்டிக் பேசின் ஒன்றைப் புதைத்து, சேற்றை நிரப்பி, செடியை நட்டு, மேலே பழையபடி மணலும் கல்லும் பரப்பினேன். பார்ப்பவருக்குப் பாலைவனம். அடியில் வயல். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி, உப்புக் கரைத்து ஊற்றினேன். கடைக்காரர் என் உப்புக் கணக்கைப் பார்த்துவிட்டு, "மிஸ் கருவாடு போடுறீங்களா?" என்று கேட்டார். சைவக்காரி என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

கொட்டாஞ்சேனைக்காரி செவ்வாய்க்கிழமை அந்தச் செடிக்காக மெழுகுதிரி கொளுத்தினாள். நான் வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். பொய் நிலைக்க வேண்டும் என்று இரண்டு மதத்தாலும் வேண்டியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஒரு நாள் டெங்குப் பரிசோதகர் வந்தார். அவருக்குப் பூச்சாடியும் பழைய டயரும் தேங்காய்ச் சிரட்டையும் ஒன்றுதான். தண்ணீர் தேங்கினால் எழுதிவிடுவார். என்னை வந்து கண்டது, கையில் வாளியோடு செடிக்கு முன்னால் நிற்கும்போது. "மே மொகக்த மிஸ்?" இது என்ன என்று கேட்டார்.

"லண்டன் மலக். வத்துர ஓனே நே." லண்டன் பூ, தண்ணீர் தேவையில்லை என்றேன்.

அவர் செடியைப் பார்த்தார். சொட்டிக்கொண்டிருந்த வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அரச உத்தியோகத்தில் இருப்பவர், மனிதர்களைப் பற்றி இனி வியக்க ஒன்றுமில்லை என்ற முகம். மணலை விரலால் ஒருமுறை அழுத்தினார். தண்ணீர் மேலே தேங்கவில்லை, நுளம்பும் இல்லை. கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது எட்டு மாதம் நின்று, பூவும் பூத்தது. ஒரு காலையில் தண்டின் உச்சியில் நீலம் கண்டேன். ஊதா கலந்த வெளிர் நீலம். அது அக்காவின் பூ மாதிரியே இல்லை.  சேற்றுச் செடிக்கு என் பொய்யைக் காப்பாற்ற வேண்டிய கடமை ஒன்றும் இல்லை, என்றாலும் பூத்திருக்கிறதே என்று அதன்மேல் எனக்கு அன்பு வந்துவிட்டது. பின்னால் வெயில் படும்படி நின்று, கொஞ்சம் மங்கலாக, படம் எடுத்து அனுப்பினேன்.

அன்றே மகன் அழைத்தான். குதித்தான் என்று சொல்ல வேண்டும். "அம்மா, பாத்தீங்களோ? பூத்திட்டுது. இனி ஒரு சாட்டும் இல்லை." அக்கா மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டாள். படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு" என்றாள்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நான் சொல்லும் குரல் அது. தெரிந்தும் தெரியாததுபோல இருந்துவிட்டேன். முதலில் மூன்று வாரம் வந்து பார்க்கட்டும், பிறகு ஒரேயடியாக வரலாம் என்று மகன் டிக்கெட் போட்டான். நான் கட்டிலும் மெத்தையும் வாங்கினேன். குளியலறைச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பி பூட்டினேன். அறைக்கு வெளிர் நீலம் அடிப்பித்தேன். தொடர்மாடியில் எல்லோருக்கும், "என்ர அக்கா வாறா, இனி இஞ்சதான்" என்று சொல்லித் திரிந்தேன். அறுபது கடந்த பிறகு அப்படியொரு சந்தோசம் வரும் என்று எனக்கே தெரியாது.

வந்த அடுத்த நாள் காலை, நான் கோப்பி போடுகிற நேரத்தில், அக்கா பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சுட்டுவிரலை மணலுக்குள் விட்டாள். விரல் முழுவதும் போனது. எடுத்தபோது கறுப்புச் சேறு. முகர்ந்து பார்த்தாள். பிறகு இலையைத் தடவினாள். விரலில் பவுடர். அதையும் முகர்ந்தாள். நான் கதவடியில் கோப்பிக் கோப்பையோடு நின்றேன்.

"நல்லாய்ப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தப்பித்தேன் என்று நினைத்தேன். மூன்று கிழமையும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா சூட்கேசைத் திறந்து வைத்திருந்தாளே தவிர, உடுப்பை அலுமாரியில் அடுக்கவில்லை. காலையில் எழும்பியதும் போர்வையை விருந்தாளிகள் மடிப்பதுபோல நாலாக மடித்துத் தலைமாட்டில் வைத்தாள். வாசலுக்குப் போனால் செக்கியூரிட்டிக்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். படியில் மூன்றாம் மாடிக்காரர் கேட்டார். கடைக்காரர் கேட்டார். கடற்கரைப் பக்கம் காலாற நடக்கப் போனவளுக்குப் பின்னால் நான் குடையோடு ஓடிப்போய், "எங்க அக்கா தனியப் போறியள்?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் அது அன்பு. அக்கா எல்லோருக்கும் சிரித்துப் பதில் சொன்னாள். பிறகு பிறகு வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள்.

போவதற்கு மூன்று நாளிருக்க, பின்னேரம், இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அதுக்கு என்ன பேர்?"

எதற்கு என்று கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. "கழுதைமுள்ளி" என்றேன்.

அக்கா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள். "என்ர விதை முளைக்காதெண்டு எனக்குத் தெரியும். பனி காணாத விதை முளைக்காது. ஒரு குளிர்காலம் மண்ணுக்குள்ள கிடந்தால்தான் அது கண் திறக்கும். வெள்ளவத்தையில பனி எங்க?"

விளங்க எனக்குச் சிறிது நேரம் எடுத்தது. "பிரிட்ஜில வைச்சிருக்கலாமே" என்றேன் முட்டாள்தனமாக.

"அதை நீ கண்டுபிடிச்சிடுவியோ எண்டுதான் பயந்துகொண்டிருந்தனான்."

"அப்ப ஏன் அனுப்பினனீங்கள்?"

"வேற எப்பிடிச் சொல்லுறது? அவன் போ எண்டுறான். நீ வா எண்டுறாய். ரெண்டு பேரும் என்ர நன்மைக்குத்தான் சொல்லுறியள். செடி பிடிக்கேல்லை எண்டால் ஒருத்தர் மனமும் நோகாது எண்டு பாத்தன். நீ பூக்கவும் வைச்சிட்டாய்."

"படத்தைப் பாத்த உடன இது வேற செடி எண்டு சொல்லியிருக்கலாமே."

"மருமகளுக்கு முன்னால என்ர தங்கச்சி பொய் சொல்லுறாள் எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

 எங்கள் வீட்டுப் பெண்களில் எவளும் அதைச் சொல்லியிருக்கமாட்டாள். அந்த மானத்தைக் காப்பாற்ற முழங்கால் வலியோடு பத்து மணித்தியாலம் விமானத்தில் இருந்து வந்திருக்கிறாள்.

"என்னோட இருக்க விருப்பமில்லையோ?" என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்று நினைத்தபடியே கேட்டேன்.

அக்கா கோப்பையை வைத்தாள். "உன்னோட இருக்க விருப்பம். இஞ்ச இருக்க ஏலாது. விசாவுக்குக் காத்திருக்கேக்க ஆறு மாசம் இந்த வெள்ளவத்தை லொட்ஜில கிடந்தனான். இப்பவும் இந்தக் கடல் சத்தம் கேட்டால் எப்ப கூப்பிடுவாங்கள் எண்டுதான் இருக்கு. அங்க எனக்கு வெள்ளிக்கிழமை கோயில் மடத்தில மரக்கறி வெட்டுற வேலை இருக்கு. தோட்டம் இருக்கு. பஸ்ஸில ஏறிப் போவன், வருவன். எங்க போறாய் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. கேக்க ஆளில்லை எண்டு முதல் அழுதனான். இப்ப அதுதான் பிடிச்சிருக்கு." "அவன், நான் திரும்பிப் போன உடன எல்லாத்தையும் முடிக்கப் பாக்கிறான். அறையையும் அளந்து வைச்சிட்டான்" என்றாள். என்னிடம் உதவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்பது அவளுடைய பழக்கமும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. மிச்சமிருந்த நாட்கள் அளவோடுதான் கதைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான், ஆனாலும் ஏமாந்தவள் மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். எட்டு மாதம் உப்புச் சுமந்தேனே, அறைக்கு நீலம் அடித்தேனே என்று மனம் சொல்லிக்கொண்டேயிருந்தது. அதைவிட அடியில் இருந்தது வேறு. என்னைவிட ஒரு பஸ் பயணம் அவளுக்குப் பெரிதா என்ற நோவு. விமான நிலையத்தில் அக்கா என்னைக் கட்டிப்பிடித்தபோது நான் மரம்போல நின்றேன். இன்றும் அதற்கு வருந்துகிறேன்.

அடுத்த ஞாயிறு காலை வழமைபோல வாளியோடு பின்பக்கம் போனேன். புதிதாக மூன்று தண்டில் மொட்டு. அந்தக் கழுதை இருக்கும் செழிப்பைப் பார்த்தால் அடுத்த வருடம் மதிலைத் தள்ளிவிடும் போலிருந்தது. தண்ணீர் ஊற்றினேன். உள்ளே வந்து, முகம் கழுவி, போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

திரையில் மகனும் மருமகளும் நடுவில் இருந்தார்கள். அக்கா ஓரத்தில், பாதி முகம் வெட்டுப்பட்டபடி. மகன் கையில் ஏதோ கடதாசி. விசா, காப்புறுதி என்று தொடங்கினான். பிறகு சிரித்துக்கொண்டு, "செடி எப்பிடி, சித்தி? அம்மா வந்து போனதில இன்னும் கூடப் பூத்திருக்கும்" என்றான்.

"செத்துப்போச்சு, தம்பி" என்றேன்.

 மகன் கடதாசியை மடியில் வைத்தான். "என்ன சித்தி? எப்பிடி?"

"இந்த மண் அதுக்குச் சரிவராது. கொஞ்ச நாள் பூத்து ஆசை காட்டும். நிக்காது. அம்மா முதல் சொன்னதுதான் சரி, செடி இருக்கிற இடத்திலதான் அவவும் இருக்கவேணும்."

"திரும்பவும் விதை போட்டுப் பாக்கலாமே?"

"வேண்டாம் தம்பி. எனக்கு இனி ஏலாது."

ஏலாது என்று நேரே நின்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.  அக்கா மெல்ல நகர்ந்து திரைக்குள் வந்தாள். முழு முகமும் தெரிந்தது.

"தண்ணி ஊத்தினனியோ?" என்று கேட்டாள்.

"ஊத்திப்போட்டன், அக்கா."

"ஊத்தாதே எண்டு எழுதித் தந்தனான் எல்லோ?"

"காய்ஞ்சு கிடந்துது. பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு."

அக்கா ஏசத் தொடங்கினாள். ஒரு வேலையை உருப்படியாகச் செய்யத் தெரியாதவள் என்றாள். சின்ன வயதிலிருந்து கைவைத்த ஒன்றும் உருப்பட்டதில்லை என்றாள். ஒரு முள்ளுச் செடியைக்கூட வைத்துக் காப்பாற்ற வக்கில்லாதவளை நம்பி, தான் எப்படி வந்து இருப்பது என்று மகனைப் பார்த்துக் கேட்டாள். "விடுங்கோ அம்மா, பாவம் சித்தி" என்றான் அவன். அவள் விடவில்லை. குரல் உடைந்து, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, மேலும் மேலும் ஏசினாள். மூன்று கிழமை என் வீட்டில் விருந்தாளியாக இருந்தவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. இப்போதுதான் என் அக்காவாகக் கதைத்தாள்.

"ஓம் அக்கா. ஓம் அக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் இனி வரமாட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. ஏசி முடியட்டும் என்று போனை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தேன்.